துணி ரோல்களுக்கு நடுவே ஒரு வயலின்

அண்ணன் மகள் ஜனனி ஒரு பாட்டு செய்திருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்தது. துள்ளலான தாளம், அவள் குரல், நடுவில் ஒரு வயலின். அந்த வயலினும் கம்ப்யூட்டர் வாசித்ததுதான்.

"அந்த எடத்துல நீங்க வாசிங்க அத்தை. சரியா வரலீன்னா இதையே விட்டர்றேன். வெள்ளிக்கெழமை பாட்டு வெளிய வந்தாவணுங்க" என்றாள்.

மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் வயலினை ஒரு போட்டிக்காரியாகவே நினைக்கத் தொடங்கினேன். அவளுக்குச் சுருதி பிசகுவதே இல்லை. திருமணத்துக்குப் பின் நான் வாசித்ததெல்லாம் வீட்டு விசேஷங்களில், பந்திச் சத்தத்துக்கு நடுவில். யாராவது ஒருவர் உண்மையாகக் கேட்டுவிட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, வேலம்பாளையத்தில் அண்ணனுடைய பனியன் கம்பெனி குடோனில் பதிவு. கூரை வரை அடுக்கிய துணி ரோல்கள் எதிரொலியை விழுங்கிவிடும், ஸ்டுடியோவே வேண்டியதில்லை என்றாள் ஜனனி. விழுங்கத்தான் செய்தன. வில் நின்ற கணமே ஒலியும் நின்றது. பயத்தில் ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வைத்தேன்.

"தப்பே இல்லீங்க அத்தை."

குரலில் மகிழ்ச்சி இல்லை. தப்பில்லாமல் வாசிக்கத்தான் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாளே.

கதவு திறந்தது. லோடு ஏற்றும் அந்தோணிராஜ் தள்ளுவண்டியோடு நின்றார். "அக்கா, கட்டிங்குக்குத் துணி ரோல் வேணும். சூப்பர்வைசர் உசுர வாங்குறாரு."

"ஞாயித்துக்கெழமையுங்களா?" என்றாள் ஜனனி.

"ஷிப்மெண்ட் வாரத்துல ஞாயிறு ஏதும்மா?"

கம்பெனி வீட்டில் பிறந்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

அவர் ரோல்களைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும் இடைவெளிகளில் வாசித்தேன். ஒரு வரிசை காலியானதும் ஒலி சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் காலியானதும், அது வந்து சேரட்டும் என்று வில் காத்திருந்தது. அளப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. கடைசித் தடவை ஓரிடத்தில் விரல் சறுக்கியது. முடிக்கும்போது வண்டிச் சக்கரம் கீச்சிட்டது.

ஜனனி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒண்ணோடொண்ணு ஒட்டாதுங்க அத்தை. ரூம் சத்தமே மாறிப் போச்சு. மொதல்ல வாசிச்சதையே வெச்சுக்கலாங்க."

"அதுக்கு உன்ர கம்ப்யூட்டரே போதும் கண்ணு. என்னைய எடுத்துரு."

வயலினைப் பெட்டியில் வைத்தேன். ஜனனி ஒவ்வொரு தடவை வாசித்ததிலிருந்தும் ஒரு துண்டாக எடுத்து, வரிசையாக அடுக்கி ஓடவிட்டாள். இறுக்கமாகத் தொடங்கிய வயலின், போகப் போக அகன்று, அவள் குரலையும் தூக்கிக்கொண்டு போனது. மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள்.

"இப்பத்தானுங்க பாட்டு மேல எந்திரிக்குது" என்றாள். பிறகு என்னைக் கேட்காமலேயே கம்ப்யூட்டர் வயலினை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், கட்டிங் பகுதியில் யாரோ ஒருவருடைய போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் கீச்சை ஜனனி அழிக்காமல் விட்டிருந்தாள்.

"வயலின் நம்ம அக்கா" என்று அந்தோணிராஜ் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டி நான்."