உருண்டை வெந்த தண்ணீர்

பன்றிக் கொத்துக்கறியோடு முட்டை, மைதா, துருவிய வெங்காயம், கொஞ்சம் பால் எல்லாம் கலந்து பிசைந்துகொண்டிருந்தேன். என் கை முழங்கை வரை அதற்குள் போய்விட்டது. சரி, மணிக்கட்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் என் மனைவி யுட்டே, வலக்கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் நிஜம். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. அவளுடைய காதோ, எங்கள் லாங்கலாந்து தீவின் தென்முனையில் ஒரு கடற்காகம் தும்மினால் வடமுனையிலிருந்து ‘நூறு’ சொல்லக்கூடிய காது.

பிப்ரவரியில் உறைபனிப் படியில் வழுக்கி அவள் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்று தொடங்கி நாங்கள் மூன்று வேளையும் கறுப்பு ரொட்டியும் ஊறப்போட்ட ஹெர்ரிங் மீனும் தின்று வாழ்ந்தோம். எனக்குச் செவுள் முளைப்பதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து ருட்கோபிங் ஊரில் கட்டியிருந்த முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு காலியானது. கீழ்த்தளத்தில் பொதுச் சமையலறை. வேளாவேளைக்கு யாரோ சமைத்து வைத்துவிடுவார்கள், போய் உட்கார்ந்தால் போதும். யுட்டேக்கு அங்கே போக வேண்டும். எனக்கோ இந்த வீட்டை விட்டு அசையக்கூடாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். பின்னால் என் கொட்டகை, அதில் நான் ஓட்டிய பேருந்தின் பழைய இருக்கை ஒன்று. ஓய்வு பெற்றபின் அதில் உட்கார்ந்து, ஒரு பயணியின் தொல்லையும் இல்லாமல், மனதிலேயே தீவை எத்தனை முறை சுற்றியிருப்பேன்.

“அங்க வந்தா நீயும் பட்டினி கெடக்க மாட்ட, நானும் கெடக்க மாட்டேன்,” என்றாள். “உனக்குச் சமைக்கத் தெரியுமா, ஹோல்கர்? வெந்நீர் போடத் தெரியும். அதையும் பாதி நாள் அடிபிடிக்க விட்டுடுவ.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சமைத்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் மகள், பேத்தி, அவள் தம்பி எல்லாரையும் நான் கூப்பிட வேண்டும். நானே சமைக்க வேண்டும். அவள் கையும் வைக்கமாட்டாள், வாயும் திறக்கமாட்டாள். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் இந்த வீட்டிலேயே இருப்போம். இல்லையென்றால் மறுநாள் மத்தியானத்துக்குள் குடியிருப்புக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிடுவாள்.

அந்த வியாழக்கிழமைதான் இது. என்ன சமைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கறி உருண்டை. எங்கள் நாட்டில் அது பிடிக்காத வாய் இன்னும் பிறக்கவில்லை; பிறந்தாலும் ஸ்வீடனுக்குக் குடிபோய்விடும். உருண்டைகளைத் தண்ணீரில் வேகவிடு, வெண்ணெயில் மசாலாக் கறிப்பொடியை வதக்கு, மாவைத் தூவு, லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாளும் ஆப்பிளும் சேர், குழம்பாக்கி உருண்டையை அதில் இறக்கு, வெள்ளைச் சோற்றின்மேல் ஊற்று. யுட்டே இதைச் செய்வதை எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் என்றால் மேசையில், செய்தித்தாளுக்குப் பின்னால்.

உருட்டுவதற்கே உயிர் போனது. முதல் உருண்டை வாத்து முட்டை அளவு, இரண்டாவது பட்டாணி அளவு. போகப்போகக் கை பழகியது; கடைசியில் உருட்டியவற்றைப் பார்த்தால் எந்த ராணியும் காதில் மாட்டிக்கொள்வாள். கொதிக்கும் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கினேன். மூழ்கின. பிறகு, நல்ல மாலுமிகள்போல், ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கைத்துணிகளால் பானையின் காதுகளைப் பிடித்துத் தூக்கி, சல்லடைக் கிண்ணத்தைத் தொட்டியில் வைத்து, ஒரே வீச்சில் கவிழ்த்தேன். ஆவி எழுந்து என் மூக்குக்கண்ணாடியை மூடிக்கொண்டது. தொட்டி குடகுடவென்று குடித்தது.

இந்த நாட்டில் என் வயது ஆண்களுக்குச் சமையலறையில் ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: உருளைக்கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடிப்பது. கிறிஸ்துமஸானாலும் சரி, கருமாதியானாலும் சரி, கனமான பானையைத் தூக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வடித்துவிடுவோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. குழம்பு என்பதே அந்தத் தண்ணீர்தான். உருண்டையின் உப்பும் கொழுப்பும் இறங்கிய அந்தச் சாறில்தான் மாவையும் பொடியையும் கரைக்க வேண்டும். அது இப்போது குழாய் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. லாங்கலாந்து நீரிணையில் அன்றைக்கு மீன்களுக்கு விருந்து.

கூடத்தில் வானொலி நின்றுபோயிருந்தது.

யுட்டே அதை அணைத்திருக்க வேண்டும். நான் காலிப் பானையோடு நின்றேன். ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது. திட்டாகவே இருந்தாலும் அதற்குள் ஒரு யோசனை இருக்கும். நாற்காலி ஒருமுறை முனகியது. அவ்வளவுதான். சிறிது நேரத்தில் வானொலி மறுபடி பாடத் தொடங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளைப்போல் ஒரு கல்நெஞ்சுக்காரி கிடையாது.

காய்கறிக் கழிவு வாளியைக் கிளறினேன். லீக்ஸின் பச்சைத் தலைகள், காரட் தோல், ஆப்பிள் நடுத்தண்டு எல்லாவற்றையும் அலசிப் புதுத் தண்ணீரில் போட்டேன். அது போதாது என்று, அழகில் குறைந்த உருண்டைகள் சிலவற்றை நசுக்கி அதிலேயே தள்ளினேன். அவற்றின் முகத்தைப் பார்க்காமல்தான் தள்ளினேன். அது கொதித்து ஒரு சாறு மாதிரி ஆவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது. இடுப்பு இற்றுக்கொண்டு வந்தது. அடுப்பை விட்டு நகர முடியவில்லை; நகர்ந்தால் பொங்கும், நின்றால் வலிக்கும். பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தவன் நான். மனிதர்கள் தினமும் இப்படி நிற்கிறார்களா என்று ஒருகணம் தோன்றியது. அந்த நினைப்பை உடனே ஓரமாகத் தள்ளிவைத்தேன். அது எனக்குச் சாதகமான நினைப்பாக இல்லை.

வெண்ணெய் உருகியதும் கறிப்பொடியைப் போட்டேன். ஒரு கரண்டிதான். அது நுரைத்து மஞ்சளாகி வாசனை கிளம்பியபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று முதல்முறையாக நம்பினேன். வெறும் ஒரு கரண்டி மஞ்சள் நிறப் பொடி, ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தப் பார்த்தது.

ஆறு மணிக்கு மகள் டோர்த்தே தன் மகள் சிக்னேயோடு வந்தாள். பின்னாலேயே யுட்டேயின் தம்பி ஈகோன். மிளகு தூவிய முட்டையைப் பார்த்தாலே தண்ணீர் கேட்கிற மனிதன் அவன். பந்தயம் எல்லாருக்கும் தெரியும்; கோட்டுகளை மாட்டிவிட்டு நேரே மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். சோறு குழைந்து ஒரே கட்டியாக வந்தது. கரண்டியால் வெட்டித்தான் பரிமாறினேன். குழம்பு கொஞ்சம் நீர்த்து, ஆப்பிளின் இனிப்புத் தூக்கலாக இருந்தது. உருண்டைகள் மட்டும் உருண்டைகளாகவே இருந்தன.

சிக்னே வெள்ளையாக இல்லாத எதையும் தொடமாட்டாள். அவள் சோற்றிலிருந்து மஞ்சளை முள்கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் ஒதுக்க இடமில்லாமல், ஒதுக்கியதையும் தின்றுவிட்டாள். ஈகோனுக்கு நெற்றி வேர்த்தது.

“மச்சான்,” என்றான், “என்னைக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியா? நாக்கு பத்திக்கிட்டு எரியுது.”

“அப்ப வச்சிடு.”

“யார் வைக்கிறேன்னு சொன்னா? அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளு.”

மூன்றாவது முறை போட்டுக்கொண்டான். டோர்த்தே தட்டை ரொட்டித் துண்டால் துடைத்தாள். யுட்டே இடக்கையால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உருண்டையை முள்கரண்டியின் விளிம்பால் பாதியாக்குவதும், அது நழுவி ஓடுவதும், அவள் துரத்திப் பிடிப்பதுமாக இருந்தது. உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. கடைசித் துண்டும் போனது. தட்டு காலியாகிவிட்டது. எழுந்து நின்று தொப்பியைக் கூரைக்கு எறிய வேண்டும்போல் இருந்தது. தலையில் தொப்பி இல்லை.

சாப்பாடு முடிந்தால் சமைத்தவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் நாங்கள் மேசையை விட்டு எழுவோம். டோர்த்தே, சிக்னே, ஈகோன் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லும்போது பழக்கதோஷத்தில் மூன்று பேரும் யுட்டே பக்கம் திரும்பினார்கள். நானும்தான். சமைத்தது நான் என்பது எனக்கே மறந்துவிட்டது. யுட்டே மாவுக்கட்டுக் கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

“சாறு போன சத்தம் கேட்டுச்சு,” என்றாள்.

“கேட்டுமா சும்மா இருந்த?”

“வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன்ல. எழுந்து வந்துடக்கூடாதுன்னு நாற்காலியைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.” குழம்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து, அதன் விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள். “கழிவு வாளியில கை விட்ட பாரு, அது எனக்குத் தோணியிருக்காது. நல்லா இருந்துச்சு. நெஜமாதான் சொல்றேன்.”

“அப்ப நான் ஜெயிச்சுட்டேன்.”

“ஜெயிச்சுட்ட,” என்றாள். பிறகு, மழை வருமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். “நாளைக்கு என்ன?”

“நாளைக்கா?”

“நாளைக்கு என்ன சமைக்கப்போற?”

அவள் குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. ஈகோன் மேசை விரிப்பைப் பார்த்தான். டோர்த்தே தட்டுகளை அடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். அடுப்பருகே ஓரமாகத் தள்ளிவைத்த, தினமும் இப்படி நிற்கிறார்களா என்ற நினைப்பு, இடுப்பு வலியோடு கைகோத்துக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. நாளைக்கு. அதற்கு மறுநாளும்.

எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். வெள்ளை வெளிச்சம் முகத்தில் விழுந்தது. ஒரு கடுகு ஜாடி, நுனி வாடிய சில காரட்டுகள், அடித்தட்டில் பாதி முட்டைக்கோஸ். முட்டைக்கோஸை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று, ஒரு குழந்தைத் தலை கனம் இருந்தது. வெட்டிய பக்கத்தில் அதன் இலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தன. பின்னால் மேசையிலிருந்து இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதை வைத்து நாளைக்கு என்ன செய்வது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன், திறந்த கதவின் குளிர் கால்விரல்களில் இறங்கும்வரை.