ஆசியாவின் ஒரே நோன்பு

துல்ஹஜ் மாதத்தின் முதல் பத்து நாட்களின் மகிமையைப் பற்றி மாஹீன் மைக்கைப் பிடித்தால் இலேசில் விடமாட்டார். மேலப்பள்ளியின் செயலாளர் ஆயிற்றே. ஆனால் இந்த வருடம் அந்த நாட்களை அவர் செல்போனிலும் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவிலும்தான் கழித்தார். கூடுதலாக ஒரு ரக்அத் தொழுததை அவர் மனைவி ரம்லத் கண்ணால் காணவில்லை.

சண்டை பிறையைப் பற்றியது. மழைமேகம் மூடிக் கிடந்த வானத்தில் ஊரில் ஒருவரும் பிறையைப் பார்க்கவில்லை. மேலப்பள்ளிக்காரர்கள் கேரளத்திலிருந்து வந்த தகவலை எடுத்துக்கொண்டார்கள். கீழப்பள்ளிக்காரர்கள் சென்னை அறிவிப்பை எடுத்துக்கொண்டார்கள். ஆக ஒரே தெருவில் மேல்பாதிக்குச் செவ்வாய்க்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள், கீழ்பாதிக்குப் புதன்கிழமை. பெருநாளுக்கு முந்தின நாள் பிடிக்க வேண்டிய அரஃபா நோன்பும் அதேபோல இரண்டாகப் பிளந்தது. கீழப்பள்ளிச் செயலாளர் யாரோ அன்னியன் அல்ல, மாஹீனின் சொந்தத் தம்பி நூஹு. அண்ணன் அக்காளையும் தம்பி தங்கையையும் கட்டியவர்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் ரம்லத், அந்தப் பக்கம் அவள் தங்கை ஆசியா.

ஆசியாவுக்குப் போன வருடம் மார்பில் ஆபரேஷன். திருவனந்தபுரத்தில் கீமோ ஊசியும் கதிர்வீச்சுக் கரண்டும் வைத்ததில் தலைமுடி, ருசி, தூக்கம் எல்லாம் போயின. ரமலான் முழுவதும் ஒரு நோன்புகூடப் பிடிக்க முடியாமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டு அழுதாள். இப்போது கொஞ்சம் தேறியிருந்தாள். "ஆசையா இருந்தா ஒரு நாள் பிடிங்க, அதுக்கு மேல வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும்.

மதிலோரம் வந்து நின்று கேட்டாள்.

"ராத்தா, அரஃபா திங்களா செவ்வாயா? எனக்க கையில ஒரு நாளுதான் இருக்கு."

ரம்லத் மதிலுக்கு மேலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எந்த நாளு முடியும்னு படைச்சவனுக்குத் தெரியாதா மக்கா? திங்கக்கிழமை பிடி. நானும் பிடிக்கேன். அந்திக்கு மஃரிபு பாங்குக்கு இஞ்ச வா, சேந்து நோம்பு தொறப்போம்."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் சந்தோஷத்தில் மனசு நிற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மாஹீனிடம், ஆசியாவும் இன்று நோன்பு என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் அப்படி மலர்ந்தது. கொழுந்தியாள் நோன்பு பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாளே என்று மலர்ந்ததாக அந்தப் பேதை நினைத்தாள்.

மலர்ந்த காரணம் மத்தியானம் தெரிந்தது. ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்பில் மாஹீன் போட்டுவிட்டார்: 'கீழப்பள்ளிச் செயலாளரின் வீட்டிலேயே இன்றுதான் அரஃபா நோன்பு. உண்மை ஜெயிக்கும்.' அதற்குக் கீழே கைதட்டல் படங்கள், சிரிப்புப் படங்கள்.

சாயங்கால அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மதிலுக்கு அப்புறம் நூஹுவின் சத்தம் கேட்டது. ரம்லத் ஓடினாள். கூடத்தில் நூஹு ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தான். ஆசியா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்காக்கும் அரஃபா! இன்னைக்கு நீ பிடிச்சா நான் நாளைக்குப் பள்ளியில எப்பிடி மூஞ்சி காட்டுவேன்? குடிட்டி!"

"நூஹு, அவ ஒடம்பு தெரியாதா உனக்கு? நாளைக்கு அவளால பிடிக்க முடியாதுடே!"

"மைனி, நீங்க மிண்டாண்டாம். எல்லாம் உங்க வேலைதான்."

ரம்லத் டம்ளரைத் தட்டிவிட எட்டினாள். அதற்குள் ஆசியாவே அதை வாங்கிவிட்டாள். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மடக்கு குடித்தாள். நூஹு அந்த இடத்திலேயே போனை எடுத்து, தன் வீட்டில் யாருக்கும் இன்று நோன்பு இல்லை என்று குரூப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பினான். இவன் எல்லாம் ஒரு ஆம்பிளை!

ரம்லத்துக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. பர்தாவைப் போட்டாளா, செருப்பைப் போட்டாளா என்றுகூட நினைவில்லை. நேராகத் தெருமுக்குக்கு நடந்தாள். கொழுந்தனைக் கேட்டாகிவிட்டது, இனி புருஷனைக் கேட்க வேண்டும். பேக்கரி வாசலில் மேலப்பள்ளிக் கமிட்டிக்காரர்கள் கூடி நின்று போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாஹீன். ஒரு கையில் சாயா, மறு கையில் பாதி கடித்த பழம்பொரி.

அவரே அறிவித்த அரஃபா நாள். அவர் கையில் சாயா.

மனைவியைப் பார்த்ததும் அவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "தலைவலிட்டி. நாலு நாளா ஒரே டென்ஷன், அதனால இன்னைக்கு..." என்று இழுத்தார்.

"எதுக்கு ஒளிக்கியோ? எனக்க கண்ணுக்கு மறைச்சா அல்லாக்குத் தெரியாதா?" ரம்லத்தின் குரலில் பேக்கரிக்காரர் வினோஜ்கூடச் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "வானத்துல பிறைய எவனாவது பாத்தியளா? பாக்கல. ஆனா அவ நோம்பு பிடிச்சத எல்லாரும் பாத்திய. படம் போட்டுக் கைதட்டினிய. உங்க தம்பி தண்ணிய குடிக்க வச்சிட்டான். கேட்டியளா? குடிக்க வச்சிட்டான்!"

"சரி சரி, மெல்ல. வீட்ல போய்ப் பேசலாம். ஆளுக பாக்காவ..."

"பாக்கட்டும். பத்து நாளையும் வாயாலயே தீத்த மனுசன் நீங்க. உங்களுக்கு இன்னைக்குப் போனா நாளைக்குப் பெருநாளு. அவனுக்கு நாளக்கழிச்சுப் பெருநாளு. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நாளு. அதையும் அண்ணனும் தம்பியுமா சேந்து தின்னுட்டியளே, பாவிகளா!"

மாஹீன் பழம்பொரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ரம்லத் திரும்பி நடந்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது அவள் ஆசியாவின் அடுக்களையில் இருந்தாள். இரண்டு தட்டில் பேரீச்சம்பழம் வைத்தாள். ஆசியா தன் தட்டைத் தொடவில்லை.

"நீ தொற, ராத்தா. எனக்குத் தொறக்க ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் மேலப்பள்ளி ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் தொடங்கியது. முதல் குரல் மாஹீனுடையது. நல்ல கணீரென்ற குரல். ரம்லத் எழுந்துபோய் ஜன்னலை ஓங்கிச் சாத்தினாள்.