அண்ணத்தில் ஓர் இசைக்கவை

கிளாரினெட்காரரின் வாய்க்குள் தேனீக்கள் கூடு கட்டிவிட்டன. சத்தியமாக! மாலை ஒத்திகையில் அவர் கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நீட்டினால் போதும், மேலண்ணத்தில் 'ங்ங்ங்' என்று இரைச்சல் கிளம்பும். மூக்குத்தண்டில் ஏறி, மண்டைக்குள் வட்டமடித்து, காது வழியே இறங்கும். அரங்கத்து ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கூடச் சேர்ந்து முனகும். கண்ணை மூடினால், ஆயிரம் பொன்னிறச் சிறகுகள் தன்னை நாற்காலியோடு கூரைப்பக்கம் தூக்கிக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றும்.

சுகமான பறத்தல்தான். ஆனால் இசைக்குழுத் தலைவர் தாளம் காட்டும் கைக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த இரைச்சல் நிக்கலேன்னா, தனி வாசிப்பைப் புல்லாங்குழலுக்குக் குடுத்துருவேன்."

காலமெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்தே தேய்ந்தவருக்கு வாய்த்த முதல் தனி வாசிப்பு அது. பல் செட் செய்யும் மைத்துனியின் பட்டறைக்கு ஓடினார்.

"நீ செஞ்ச பல் செட்டால என் மானம் கப்பலேறுதும்மா!"

மைத்துனி அதைக் கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களை இழந்தவருக்காக அவளே வார்த்த உலோகச் சட்டம். குதிரை லாடம்போல் பின்பக்கம் திறந்திருந்தது. இரு முனைகளையும் விரலால் அழுத்தினாள். மயிரிழை அசைந்தது.

"பின்னால எதுவும் வரக்கூடாது, குமட்டும்னு அன்னிக்கு அடம் பிடிச்சது யாரு அத்தான்? இப்ப உங்க அண்ணத்துல இருக்கறது இசைக்கவை, தட்டினா அதிருமே அந்த ரெண்டு முனைக் கம்பி. ஊதுற அதிர்வு முன்பல் வழியா ஏறி இதை ஆட்டுது."

"தடிமனாப் பண்ணிடேன்."

"பண்ணா நாக்கு சண்டைக்கு வரும். ரெண்டு முனையையும் குறுக்க ஒரு பட்டையால சேத்தா வளையமாயிடும், அவ்வளவு லேசுல வளையாது. மெல்லிசா, அகலமாப் புதுசா வார்க்கறேன். என் மேல மட்டும் வாந்தி எடுத்துடாதீங்க."

சனிக்கிழமை அரங்கத்திலேயே, குழுத் தலைவர் பார்த்துக்கொண்டிருக்க, புதுச் சட்டத்தை மாட்டிவிட்டாள். பட்டை அண்ணத்தைத் தொட்டதும் கிளாரினெட்காரரின் வயிற்றில் ஏழு கடலும் பொங்கின.

"வலது காலைத் தூக்குங்க! மூக்கால மூச்சு விடுங்க! காலையே நினைங்க!"

கொக்குபோல் நின்றார். கடல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்படியே ஊதினார்.

இரைச்சல் இல்லை. ஸ்வரம் மட்டும் பாலில் நனைந்ததுபோல் வெளியே வந்து, காலி நாற்காலிகளுக்கு மேல் மிதந்தது. பாதி வழியில் தள்ளாடி, சுருதி இறங்கிச் சரிந்தது.

மைத்துனி இடுப்பில் கை வைத்தாள். "இதுக்கும் சட்டந்தான் காரணமா?"

கிளாரினெட்காரர் காலைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் இந்தச் சரிவு இரைச்சலுக்கு அடியில் சொகுசாக ஒளிந்திருந்திருக்கிறது! அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லம்மா. இது நான்."

குழுத் தலைவர் கைக்கோலை எடுத்தார். "சட்டத்தைத் திருத்த எனக்குத் தெரியாது. மூச்சைத் திருத்தத் தெரியும். தனி வாசிப்பு உங்களுக்குத்தான். அவசரப்படாம ஊதுங்க."

மூன்றாம் முறை ஊதியபோது ஸ்வரம் நேராக நடந்துபோய், கடைசி வரிசையில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.