ஒரே ரிங்

நான்கு மாதமாகச் சண்முகவடிவு அந்த ஒரு மிஸ்டு காலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். துக்கம் கேட்க வந்த தாராவிச் சனம் மொத்தத்துக்கும் அது மனப்பாடம். "ரயிலு வந்துட்டுன்னு எனக்கு மிஸ்டு கால் குடுத்துட்டுத்தான் போயிருக்காவ. ஒரு கஷ்டமும் படல. பொசுக்குன்னு போயிட்டு உயிரு" என்பாள்.

அது அவர்கள் வீட்டு வழக்கம். புருஷன் பூலோகத்துக்கு முலுண்டில் ஜன்னல் கம்பி அடிக்கும் பட்டறையில் வேலை. சாயங்காலம் ரயில் வந்ததும் ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவார். வடிவு எடுக்கக் கூடாது, உலை வைக்க வேண்டும். அவர் சயானில் இறங்கி நடந்து வந்து சேர, சோறு வடித்திருக்கும். பேசுவது இலவசமாகி வருஷம் எத்தனையோ ஆயிற்று. பழக்கத்தை விட யாருக்கு மனசு வந்தது!

அன்றைக்கும் வந்தது. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் இரைச்சலில் காதில் விழவில்லை. நிறுத்திவிட்டுப் பார்த்தால் பூலோகம் பெயரில் மிஸ்டு கால் ஒன்று. உலை வைத்தாள், சாளைமீன் குழம்பும் வைத்தாள். சோறு ஆறிப்போன பிறகு போலீஸ்காரரின் போன் வந்தது. முலுண்ட் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம்.

இனி மாவுதான் பிழைப்பு என்றான பிறகு போனைத் தோண்டித் துருவத் தொடங்கினாள். உளுந்து ஊறியதும் கூப்பிட அலாரம் வைத்தாள். மைக்கை அமுக்கிப் பேசினால் தமிழில் எழுத்தாய் விழுவதைக் கண்டு வாயைப் பிளந்தாள். "ஏ ஆத்தாடி! இத்தன வித்த தெரிஞ்ச பயலயா நான் மணி பாக்க மட்டும் வச்சிருந்தேன்?" என்று போனையே கொஞ்சுவாள். அந்த நேரம் மட்டும் அவளுக்குத் துக்கம் மறந்திருக்கும்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு ருக்கு மாவு வாங்க வந்தாள்.

"எக்கா, எல்லா மிஸ்டு காலுக்கும் திருப்பி அடிச்சு, லோன் வேணுமான்னு கேக்கவன்கிட்ட மாட்டிக்கிடுதிய. இங்க பாருங்க, பேர அமுக்குனா எத்தன செகண்டு அடிச்சுதுன்னு காட்டும். ரெண்டு மூணுன்னா விட்டுத் தள்ளுங்க. நீளமா அடிச்சிருந்தா நெசமாவே ஒங்களத் தேடுன ஆளு."

உடனே பலித்தது. செம்பூர் மெஸ்காரர் நாற்பது செகண்டு அடித்திருந்தார். கூப்பிட்டால், பத்துக் கிலோ மாவுக்கு ஆர்டர்!

ருக்கு போனதும் வடிவுக்கு ஒரு ஆசை வந்தது. அவர் விட்ட ரிங்கும் இதில் இருக்குமே. கீழே தள்ளித் தள்ளிப் பூலோகத்தின் பெயரைக் கண்டுபிடித்து அமுக்கினாள். இரண்டு செகண்டு. மூன்று செகண்டு. மறுபடி இரண்டு. "கஞ்சப்பய மனுசன்" என்று சிரித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, அந்தக் கடைசி நாள்.

முப்பத்தெட்டு செகண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முப்பத்தெட்டுதான். ரயில் வந்ததென்று சொல்ல எதற்கு முப்பத்தெட்டு? அதுவாக நின்றுபோகும்வரை காதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"ஐயோ, என்னையல்லா கூப்பிட்டிருக்கிய!" நெஞ்சில் அறைந்துகொண்டாள். "பாவி மட்ட, நான் ஒலையல்லா வச்சேன்!"

மாவுக் கையோடு தரையில் கிடந்து அழுதாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவா, பெயரைச் சொல்லிக் கூப்பிடவா, எதற்கு அடித்தார்? அதைச் சொல்லும் பொத்தான் மட்டும் அந்தப் போனில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. போன் மடியிலேயே இருந்தது. முதல் ரிங் முடியுமுன் கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தாள். ஐரோலியில் வேலை பார்க்கும் மகன் சுரேந்திரன்.

"எம்மா, எதுக்கு எடுத்த? ரயிலு வந்துட்டுன்னுதான் அடிச்சேன். அப்பா கடைசியா விட்டாவல்லா, அதே மாதிரி ஒரே ரிங்கு."

நான்கு மாதமாக அவனும் அந்த மிஸ்டு காலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

"ஆமாய்யா," என்றாள். "ஒரே ரிங்குதான் விட்டாவ. நீ பேசுலே. வீடு வந்து சேருத வரைக்கும் போன வைக்காத."

அவன் வந்து சேர்ந்தபோது அடுப்பில் உலை ஏறியிருக்கவில்லை.