மாலைதீவில் இனி இருட்டில்லை

2006ஆம் ஆண்டு பெப்ரவரி பதினைந்தாம் திகதி காலை பத்து மணியோடு மாலைதீவில் இருட்டு என்பது ஒழிந்துவிடும் என்று சேந்தன் அறிவித்தான். நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் என்ற ஊரில், தன் நான்காம் மாடி வீட்டில், கையில் அரைக் கட்லட்டுடன் நின்றபடி அறிவித்தான். இப்படியான அறிவித்தல்களுக்கு அரசாங்கங்கள் மேடை போடுவதுண்டு. சேந்தனுக்குக் கட்லட் போதும்.

பொறியியல் கல்லூரியில் எங்கள் மூவருக்கும் கிடைத்த செயற்றிட்டம் அது. முன்னூறு குடும்பங்கள் வாழும் ஒரு தீவில் டீசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பகல் வெயிலில் மின்சாரம் எடுத்து, பற்றறியில் சேமித்து, இரவில் கொடுக்க வேண்டும். அதற்கொரு மாதிரித் தீவும் செய்து காட்ட வேண்டும். திட்டம் சேந்தனுடையது. வயர் வேலை இரவீந்திரனுடையது. பச்சைக் கடதாசியில் தென்னைமரம் வெட்டியது நான். முதலாவதாக வரும் குழுவின் தலைவருக்கு ஆறு வாரம் அந்தத் தீவிலேயே வேலை. நோர்வேயில் பிறந்து, உச்சி வெயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த சேந்தன், அந்த ஆறு வாரத்துக்காக ஏற்கனவே மூன்று அரைக்காற்சட்டை வாங்கிவிட்டான்.

தீவைக் கட்டி முடித்த அன்று இரவீந்திரன் அதைப் படமெடுக்கப் பார்த்தான். கமெரா அசையவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து வருடமான அவன், அதன் இரண்டு பற்றறிகளையும் கழற்றி, சேட்டுக்குள் கைவிட்டு, அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"என்னடா செய்யிறாய்?" என்றான் சேந்தன்.

"குளிருக்குள்ளாலை வந்த பற்றறி மச்சான். சூடு காட்டினா உயிர் வரும். பொருளாதாரத் தடை நேரம் ஊரிலை பற்றறி ஏது? செத்ததை வெயிலிலை காயப்போட்டுத்தான் றேடியோ கேட்டனாங்கள். இஞ்சை வெயில் எங்கை கிடக்கு? அதுதான் கமக்கட்டு."

சேந்தன் கட்லட்டைக் கீழே வைத்தான்.

"பற்றறி என்ன முட்டையோடா, அடைகாக்க? நான் ஒரு நாட்டுக்கே கரண்ட் குடுக்கப் பிளான் போடுறன். இவர் கோழி வளர்க்கிறார்!"

"சரி மச்சான், சிரி" என்று இரவீந்திரன் படமெடுத்தான். கமெரா வேலைசெய்தது.

"தற்செயல்" என்றான் சேந்தன். அன்றிலிருந்து இரவீந்திரனைக் கண்ட இடமெல்லாம் கொக்கரித்தான். ஒருநாள் சுரங்க ரயிலில் கொக்கரித்தபோது இரண்டு நோர்வேப் பெண்மணிகள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

பதினைந்தாம் திகதிப் பரீட்சைக்கு முதல்நாள் பேராசிரியர், எவரும் வேறு பற்றறி மாற்றிப் போடக்கூடாதென்று எங்கள் மாதிரித் தீவின் நான்கு பற்றறிகளிலும் சிவப்பு மையால் கையெழுத்து வைத்தார். தீவைச் சேந்தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். உள்ளே வைத்தால் தங்கச்சி சோபிகா தென்னைகளைப் பிடுங்கிவிடுவாள் என்று, அப்பாவின் காரின் பின்பெட்டியில் பத்திரமாகப் பூட்டினான். அன்று வெளியே மைனஸ் பதினெட்டு.

பரீட்சைக்குக் கால் மணி நேரம் இருக்க, வகுப்பறை வாசலில் தீவின் விளக்கு ஆளியைப் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு வீடுகளில் ஒன்றுகூட எரியவில்லை.

"உன்ரை வயர் பிழை!" என்றான் சேந்தன்.

"வயர் சரி. பற்றறியைத் தொட்டுப் பார். ஐஸ்."

சேந்தன் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தென்னைமரங்களைப் பார்த்தேன். அவை நன்றாக இருந்தன.

"ரவி... நீ அண்டைக்குச் செய்தமாதிரி..."

"ஐயோ மச்சான், நான்தானே பலகையிலை கீறி விளங்கப்படுத்த வேணும். கையைத் தூக்க, எல்லாம் கீழை விழும்."

சேந்தன் கழிவறைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, தீவையும் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது தீவில் பற்றறிகள் இல்லை. அவனுடைய முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன.

கதவைத் திறந்த பேராசிரியர் கைகுலுக்கக் கையை நீட்டினார். சேந்தன் நீட்டவில்லை. நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம்" என்றான். மூன்று வருடமாக அவருக்கு "ஹெய்" மட்டும் சொன்னவன். பேராசிரியர் நெகிழ்ந்துபோய்த் தானும் கைகூப்பினார்.

இரவீந்திரன் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினான். அவசரமில்லாமல், ஒரு தென்னையையும் விடாமல் விளங்கப்படுத்தினான். சேந்தன் அவனை வாழ்நாளில் முதல்முறையாக நன்றியோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்போது சூரியனை அணையுங்கள்" என்றார் பேராசிரியர்.

நான் சன்னல் திரையை இழுத்துவிட்டு, சூரியனாக வைத்த மேசைவிளக்கை அணைத்தேன். இருட்டில் கம்பளிச் சட்டை சரசரத்தது. "தொடுப்பைச் சரிபார்க்கிறேன்" என்றது சேந்தனின் குரல். ஒரு வீடு எரிந்தது. பிறகு பன்னிரண்டும் எரிந்தன.

"அற்புதம்! துறைத் தலைவரும் ஒருமுறை பார்த்துவிட்டால் தீவுக்குப் போவது நீங்கள்தான். கூட்டிவருகிறேன், இருங்கள்."

அவர் கதவைச் சாத்தவும் கடைசி வீடு மினுங்கத் தொடங்கியது.

"கொக்" என்றான் இரவீந்திரன், மிக மெதுவாக.

சேந்தன் நான்கு பற்றறிகளையும் கழற்றினான். சன்னல் பக்கம் திரும்பி, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று வைத்து, முழங்கைகளை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.