அடுப்படி சிஸ்டரின் நற்கருணை

எனக்கு வாந்தி என்றாலே ஆகாது. பதினெட்டு வருடமாக எங்கள் கன்னியர் மடத்து நோயாளி அறையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் சிஸ்டர் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆனால் அதைவிடக் குமட்டியது எங்கள் ஃபாதரின் கைக்குட்டை.

ஜன்னலோரக் கட்டிலில் அடுப்படி சிஸ்டர் கிடந்தார். நாற்பது வருடம் எங்கள் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டவர். வயிற்றில் கட்டி. ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காது. போன ஞாயிறு ஆண்டவரின் உடல் என்று ஃபாதர் கொடுத்த நற்கருணை அப்பத்தை அவருடைய பளபளக்கும் ஷூ மேலேயே கக்கிவிட்டார். ஃபாதர் துள்ளிக் குதித்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது ஆண்டவருக்கு அவமரியாதை, இனி இந்தக் கட்டிலுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். மடத்துத் தலைவி மதரும் தலையாட்டினார். கக்கிய அப்பத்தை முறைப்படி தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றியது நான்தான். ஷூவைத் துடைத்ததும் நான்தான்.

அந்த வாரம் முழுக்க அடுப்படி சிஸ்டர் வலிக்கு அழவில்லை. ஆண்டவரையே துப்பிவிட்டேனே என்றுதான் அழுதார். இன்னும் நாலைந்து நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த ஞாயிறு ஃபாதர் வந்தார். முதலில் எனக்குக் கொடுத்தார், பிறகு மற்ற கட்டில்களுக்கு. ஜன்னலோரம் வந்ததும் எங்கேயோ பார்த்துக்கொண்டு திரும்பினார். சீ, என்ன மனுஷன். எனக்கு வந்ததே கோபம். குறுக்கே போய் நின்று, சிஸ்டரின் மோவாய்க்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினேன்.

"வந்தா என் கையில வரட்டும், ஃபாதர். உங்க ஷூவுக்கு ஒண்ணும் ஆகாது."

எல்லாக் கட்டில்களும் பார்த்துக்கொண்டிருந்தன. ஃபாதர் நகத்தளவு கிள்ளி அவர் நாக்கில் வைத்துவிட்டு, கைக்குட்டையோடு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அடுப்படி சிஸ்டர் விழுங்கினார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு என் உள்ளங்கை சூடாக நனைந்தது.

"அவரும் வெளிய வந்துட்டாரா?" என்று என் கையையே பார்த்துக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கை விரலால் கிளறினேன். மஞ்சள் தண்ணீர், சளி, கறுப்பாகத் திரி திரியாக ஏதோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தேடினேன். வெள்ளையாக ஒரு பொட்டுகூட இல்லை.

"உள்ளதான் இருக்காரு, சிஸ்டர்."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குளியலறைக்கு ஓடினேன். சற்றுமுன் நான் விழுங்கிய நற்கருணை பாதி கரைந்தபடி தொட்டியில் வந்து விழுந்தது.

மதரிடம் சொல்லவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதையும் நானே கரைத்தேன்.