நிரம்பாத கிணற்றின் சமன்பாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது எனக்குக் கதையாக வரவில்லை, கணக்காக வந்தது. பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில், வகையீட்டுச் சமன்பாட்டின் ஓரத்தில் யாரோ கிணறு வரைந்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினேன். பாலேஸ்வரி, கணித ஆசிரியை, யாழ்ப்பாணத்துக் கரவெட்டி, 1992. அவளுடைய வெங்காயம் வாடுகிறது. இன்று தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

(சோகமாகத் தொடங்கிவிட்டேனோ? பயப்படாதீர்கள்.)

2

அது பங்குக் கிணறு. மற்றப் பங்கு பெரியப்பா மகன் தம்பிராசாவுக்கு. ஒருவர் இறைத்தபின், கிணறு நிரம்பினால்தான் மற்றவர் முறை. அவர் விடியவே இறைத்துவிட்டார். அவள் கல் கட்டிய கயிற்றை அரை மணிக்கொரு தடவை இறக்கி நீரை அளந்து...

முதல் வரைவில், நீர் கூடக் கூட ஊற்றும் கூடும் என்று எழுதித் தொலைத்தேன். மத்தியானத்துக்குள் கிணறு பொங்கி ஊரெல்லாம் வெள்ளம். பாலேஸ்வரி என்னை முறைத்தாள்.

திருத்தம்: நிரம்ப எவ்வளவு குறையோ, அந்த அளவுக்கு ஊறும். குறை சிறுக்கச் சிறுக்க ஊற்றும் மெதுவாகும். பாதிக் குறை தீர இரண்டு மணித்தியாலம். மிச்சத்தில் பாதிக்கு இன்னும் இரண்டு. அதன் மிச்சத்தில் பாதிக்கும்...

3

தம்பிராசாவை வில்லனாக்கப் பார்த்தேன். "மீசையை முறுக்கியபடி அவர்" என்று தொடங்கி, விட்டுவிட்டேன். அவளுக்கு விதை வெங்காயம் கொடுத்தவரே அவர்தான்.

"இன்னும் குறை கிடக்குத் தங்கச்சி. நிரம்ப முன்னம் இறைச்சால் உவர் ஏறும்."

"அண்ணை, என்ரை கணக்குப்படி உது ஒருநாளும் முழுசா நிரம்பாது."

"அப்ப உனக்கு முறை வராது."

"ஓம். எனக்குப் பிறகு உங்களுக்கும் வராது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தேன்.

"சரி, எவ்வளவு வந்தால் காணும்?"

"அரைவாசி. ஒட்ட இறைக்காமல், கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி இறைப்பம். உவரும் ஏறாது."

"விசர்க் கதை! பத்திலை ஒம்பது."

4

இந்த இடத்தில் மழை பெய்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஏமாற்று வேலை, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் இருவரும் முக்காலுக்கு இணங்க...

இல்லை. தம்பிராசா உடுத்திருந்த சாரத்து நுனியைக் கிழித்து, எவ்வளவு நீர் வந்தால் முறை மாறும் என்று கயிற்றில் அடையாளம் கட்டத் துணி நீட்டுகிறார், உங்களிடம். வாங்கிக்கொள்ளுங்கள். நானும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்: அரைவாசிக்கும் பத்தில் ஒன்பதுக்கும் இடையில் நீங்கள் எங்கே கட்டினாலும் பொழுதுபட முன் வெங்காயத்துக்குத் தண்ணீர். கட்டாமல் விட்டால் மட்டும்தான் இல்லை.